மாமாவின் இரண்டு இஞ்சின்கள்

2013ஆம் ஆண்டு இறுதியில், மலாக்காவின் பத்து பெரண்டாம் தொழிற்சாலை ஒன்றில் எனக்குக் கிடைத்த போனஸில் பாதி, நான்கு கை நீட்டிய ஒரு பிளாஸ்டிக் சட்டமாகப் பெட்டியில் வந்து இறங்கியது. அம்மா அதை விசிறி என்றார். எதிர்வீட்டு மலாய்ப் பிள்ளைகள் ஹெலிகாப்டர் என்றார்கள். புலாவ் செபாங்கில் பட்டறை வைத்திருக்கும் என் தாய்மாமா மட்டும் அதைக் கையில் தூக்கி எடை பார்த்து, மோட்டார் ஒன்றை விரலால் சுழற்றிவிட்டு, “எண்ணெய் எங்க ஊத்துறது?” என்று கேட்டார்.

“எண்ணெய் இல்ல மாமா, பேட்டரி.”

“எவ்வளவு நேரம் பறக்கும்?”

“எட்டு நிமிஷம். காத்து இல்லன்னா பத்து.”

“அப்புறம்?”

“இறக்கி ஒரு மணி நேரம் சார்ஜ் போடணும்.”

மாமா சட்டத்தை மேசைமேல் வைத்தார். “எட்டு நிமிஷம் வேலை செஞ்சிட்டு ஒரு மணி நேரம் படுத்துக்கிறவன தோட்டத்துல பெரட்டுலயே திருப்பி அனுப்பிடுவாங்க, மாப்ள.”

மாமா காடெக் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவர். சின்ன வயதில் விடியுமுன் என் பாட்டியோடு பால் மரம் வெட்டப் போனவர். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு தோட்டத்துக்குப் புல்வெட்டும் மெஷின்கள் வந்தன, அவற்றைப் பழுதுபார்க்க ஓர் ஆளும் தேவைப்பட்டார். மாமா அந்த ஆளானார். இன்றைக்கும் அலோர் காஜா வட்டாரத்தில் கயிற்றை இழுத்து இழுத்துக் கை சோர்ந்தவர்கள் மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு அவரிடம்தான் வருகிறார்கள். அவர் முதலில் பிளக்கைக் கழற்றுவார். நுனி மைலோ நிறத்தில் இருந்தால் இஞ்சின் சுகம். கறுத்து ஈரமாக இருந்தால் எண்ணெய்க் கலவை தப்பு. 25 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு டூ-டி எண்ணெய் என்ற கணக்கை யாரோ கண்ணளவில் ஊற்றியிருக்கிறார்கள். வெளுத்திருந்தால் சூடு அதிகம், சீக்கிரம் பிஸ்டன் கடிக்கும். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வது மாதிரிதான். அவருடைய சொந்த வண்டி யமஹா ஆர்.எக்ஸ்.இசட். 135. டூ-ஸ்ட்ரோக் புகையை அவர் சாம்பிராணி மாதிரி முகர்வார்.

ஆகவே என் வீட்டுக்குள் வந்த அந்தப் புகையில்லாத யந்திரத்தை அவர் விரோதி என்று நினைத்ததில் வியப்பில்லை. நான் தொழிற்சாலையில் சில்லுகளைச் சோதிக்கும் பிரிவில் இருந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு தலைமுறையும் ஒரு எரிபொருளும் இருந்தன.

பழைய தோட்டத் திடலில் ஞாயிற்றுக்கிழமைகளில் ட்ரோனைப் பறக்கவிடுவேன். மூன்று செல் பேட்டரி, 2,200 மில்லி ஆம்பியர் மணி. கேகே-2 என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை. அப்போது ஹாங்காங்கிலிருந்து தபாலில் மலிவாக வரும். மூன்று மணிக்கு மழை கட்டிவிடும் என்பதால் காலை எட்டு மணிக்கே போய்விட வேண்டும். நான்கு பேட்டரி வைத்திருந்தேன். நான்கும் தீர அரை மணி நேரம். அதற்கப்புறம் திடலில் நிற்க ஒரு காரணமும் இருக்காது. ஒருமுறை செம்பனை உச்சியில் மாட்டிக்கொண்டது. குலை வெட்டும் நீளக் கழியால் ஒரு இந்தோனேசியத் தொழிலாளர் அதை இறக்கித் தந்தார். மட்டை முள் குத்தி மூன்று நாள் விரல் வீங்கியது. அந்தக் கதையை மாமாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “விழுந்தப்ப எத்தனை நிமிஷம் ஆயிருந்துச்சு?”

“ஏழு.”

“அதான்.”

ஒரு மழைநாளில் பட்டறையின் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். என் பேட்டரியின் எடை ஏறக்குறைய 180 கிராம். அதற்குள் இருக்கும் ஆற்றல் 24 வாட் மணி. அதே 180 கிராம் பெட்ரோலில் இரண்டாயிரத்துக்கும் மேல். மாமாவின் கண் பிரகாசித்தது. நான் விடவில்லை. சின்ன டூ-ஸ்ட்ரோக் இஞ்சின் பெட்ரோலில் ஏழில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும், மீதி சூடாகவும் புகையாகவும் போய்விடும் என்றேன். சரி, ஏழால் வகு என்றார். வகுத்தோம். 300 வாட் மணி. பேட்டரியிலும் மோட்டாரிலும் கொஞ்சம் வீணாவதைக் கழித்தால் என் பக்கம் 20தான். மாமா 300ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டார், 20ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டார், பேனாவை மூடினார்.

இந்தக் கணக்கில் தவறில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பல வருடங்களுக்குப் பிறகும் அதில் நான் பெரிய ஓட்டை கண்டுபிடிக்கவில்லை. என் மோட்டார் ஒவ்வொன்றும் 50 கிராம் சொச்சம், இஞ்சின் என்றால் அரைக் கிலோ, நான்கு சேர்ந்தால் இரண்டு கிலோ, என் ட்ரோன் மொத்தமே அவ்வளவு கனமில்லையே என்று வாதாடினேன். பெரிதாகச் செய்தால் போயிற்று என்றார். அதுவும் நியாயம்தான்.

அப்புறம்தான் அந்த இரண்டு இஞ்சின்கள் வந்தன. மலாக்கா டவுனில் மாதிரி விமானம் விட்டு வயதானபின் நிறுத்திவிட்ட ஒரு சீனப் பெரியவரிடமிருந்து, ஜப்பானில் செய்த ‘46’ இஞ்சின்கள் இரண்டை மாமா வாங்கி வந்தார். 0.46 கன அங்குலம் என்பதால் 46. நம் கணக்கில் ஏழரை சிசி. உள்ளங்கையில் அடங்கும். இவை பெட்ரோல் குடிப்பதில்லை. மெத்தனால், கொஞ்சம் நைட்ரோமீத்தேன், மசகுக்கு ஆமணக்கு எண்ணெய். முதல் தடவை ஓடவிட்டபோது பட்டறை முழுக்க ஒரு வாசம் பரவியது. எனக்கு வயிறு கலங்கியது. பள்ளி விடுமுறையில் பாட்டி மூக்கைப் பிடித்து ஊற்றும் விளக்கெண்ணெய்! மாமாவும் முகத்தைச் சுளித்தார். அவருக்கும் அதே பாட்டிதானே அம்மா.

மெத்தனாலில் பெட்ரோலில் இருப்பதில் பாதிக்கும் குறைவான ஆற்றல்தான் உண்டு. அதைச் சொன்னேன். “இப்ப சோதனைக்கு இது, ஓடிச்சுன்னா பெட்ரோலுக்கு மாத்திக்கலாம்” என்றார். நான்கு இஞ்சின் வாங்கிச் சட்டம் கட்டுவதற்குமுன் இரண்டை வைத்து ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம் என்று எனக்கும் தோன்றியது. நாங்கள் ஒரு சீசா பலகை கட்டினோம்.

ஆறடி நீளத்தில் ஒரு பலகை. நடுவில் பழைய ஹோண்டா இஎக்ஸ்-5இன் சக்கர அச்சும் பேரிங்கும். இரண்டு முனையிலும் மேல்நோக்கி இழுக்கும்படி ஒவ்வொரு விசிறி. நடுவில் என் கேகே-2 பலகை. எந்த முனை தாழ்ந்தாலும் அந்த முனையின் விசிறியை வேகப்படுத்தி, மறுமுனையைத் தணித்து, பலகையை மட்டமாக வைப்பது அதன் வேலை. ட்ரோன் ஆகாயத்தில் செய்வதும் இதுதான். அதற்கு வால் கிடையாது, திசை மாற்றும் தகடு கிடையாது. நான்கு விசிறிகளும் ஒன்றோடொன்று ஓயாமல் கூட்டிக் குறைத்துக்கொள்வதால்தான் அது நிற்கிறது. வெளியிலிருந்து பார்க்க அசையாமல் நிற்பது போலிருக்கும். உள்ளே ஒரே தள்ளுமுள்ளு.

முதலில் என் மின்மோட்டார்களைப் பூட்டினோம். பலகை தராசு மாதிரி நின்றது. மாமா ஒரு முனையை விரலால் அழுத்தினார். விரலை எடுக்குமுன் எதிர்த்துத் தள்ளியது. மறுபடி அழுத்தினார். ஸ்பானர் ஒன்றை ஒரு முனையில் வைத்தார். லேசாகக் குலுங்கி மட்டத்துக்கு வந்தது. “ம்ம்” என்றார். அவர் வாயிலிருந்து மின்சாரத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

அடுத்த ஞாயிறு இஞ்சின்களைப் பூட்டினோம். தொட்டியைக் கார்புரேட்டர் மட்டத்துக்கே ஒவ்வொரு முனையிலும் கட்டினோம். காற்று வாயைத் திறந்து மூட ஒவ்வொன்றுக்கும் ஒரு சர்வோ. பிளக்கில் ஒன்றரை வோல்ட் பேட்டரியைக் கவ்வவிட்டு, ரப்பர் குழாய் மாட்டிய குச்சியால் விசிறியைத் தட்டினால் உறுமிக்கொண்டு எழும். முதல் இஞ்சின் எழுந்தது. இரண்டாவதை எழுப்புவதற்குள் முதலாவது நின்றது. அதை எழுப்பினால் இது நின்றது. இப்படி அரை மணி நேரம். இரண்டே இஞ்சின்கள், கட்டாந்தரையில், நாள் முழுக்க இஞ்சினோடு வாழ்கிற ஒருவர் கையில். நான்கு இருந்தால் என்று நான் வாய் திறக்கவில்லை.

கடைசியில் இரண்டும் ஒன்றாக ஓடின. பட்டறைத் தகரம் அதிர்ந்தது. மாமா தலையசைத்தார், நான் கட்டுப்பாட்டுப் பலகையை இயக்கினேன்.

இடது முனை தாழ்ந்தது. கட்டுப்பாட்டுப் பலகை கட்டளையிட்டது, சர்வோ திரும்பியது, இடது இஞ்சின் ஒரு கணம் தொண்டையைக் கனைத்து அப்புறம் சீறியது. அதற்குள் முனை இன்னும் தாழ்ந்திருந்தது. இப்போது வேண்டியதற்கு மேல் தூக்கியது. வலது முனை இறங்கியது. தணியச் சொன்ன கட்டளை இடது இஞ்சினை எட்டியது, ஆனால் விசிறியும் தண்டும் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும்போது சொன்னவுடன் அடங்குமா? வலது கனைத்தது, சீறியது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதானது. நான்காவது ஆட்டத்திலா ஐந்தாவதிலா தெரியவில்லை, வலது விசிறி தரையில் அறைந்து உடைந்தது. ஒரு துண்டு கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. பக்கத்து வீட்டுக் கோழி வேலி தாண்டியது. அந்த வீட்டு மலாய்ப் பெரியவர் வந்து, மக்ரிப் நேரம் நெருங்குகிறது, கொஞ்சம் நிறுத்திக்கொள்ள முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். நிறுத்துவதற்கு எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

கட்டுப்பாட்டுப் பலகையின் எதிர்வினை அளவைக் குறைத்துப் பார்த்தோம். அப்போது ஆட்டம் நின்றது, ஆனால் தாழ்ந்த முனை தாழ்ந்தே கிடந்தது. கூட்டினால் மறுபடி ஆட்டம். நடுவில் நிற்கும் இடம் இல்லவே இல்லை. என் கட்டுப்பாட்டுப் பலகை நொடிக்கு 400 தடவை கட்டளை சொல்ல வல்லது. மின்மோட்டார் அதைக் கேட்டு உடனே இழுவையை மாற்றும். சர்வோ நொடிக்கு 50 தடவைதான் காது கொடுக்கும். இஞ்சினோ அதையும் கேட்டு, கலவை உள்ளே போய், வெடித்து, விசிறி வேகமெடுக்க ஒரு பெருமூச்சு நேரம் எடுத்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு ஒற்றைப் பிஸ்டனின் நடுக்கம் முழுவதும் பலகை வழியாக, சாய்வை உணரும் ஜைரோவுக்குப் போகிறது. விழுகிறோமா நடுங்குகிறோமா என்று அதற்கே குழப்பம்.

அன்று இரவு மாமாவுக்குத்தான் இது முதலில் விளங்கியது. நான் எண்களில் தேடிக்கொண்டிருந்தேன், அவர் ஆர்.எக்ஸ்.இசட்.டில் கண்டுபிடித்துவிட்டார். “டூ-ஸ்ட்ரோக்ல எண்ணெய முறுக்கினா ஒரு கணம் யோசிக்கும், அப்புறம்தான் பாயும். அந்தக் கணம் எனக்குப் பழகிப்போச்சு, அதுக்கு முன்னாடியே முறுக்கிடுவேன். இந்தப் பலகைக்கு அது தெரியாது.” கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “இஞ்சின் மேல குத்தமில்ல மாப்ள. லோரிக்காரனக் கூப்பிட்டுக் கயித்து மேல நடன்னு சொல்லிட்டோம்.”

அப்படியானால் இஞ்சின் வைத்து ஹெலிகாப்டர் எப்படிப் பறக்கிறது என்று அவரே அடுத்த வாரம் கேட்டார். ஹெலிகாப்டரில் இஞ்சின் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ஏற இறங்க, சாய, இறக்கையின் கோணம்தான் மாறும். கோணத்தை மாற்ற ஒரு கணத்துக்கும் குறைவாகத்தான் ஆகும். யமஹாவே 1987இல் ஆர்-50 என்ற ஆளில்லா ஹெலிகாப்டரைக் கொண்டுவந்து ஜப்பானிய வயல்களில் மருந்து தெளித்தது. அதன் பிறகு வந்த ஆர்-மேக்ஸில் 246 சிசி டூ-ஸ்ட்ரோக் இஞ்சின். இதைப் படித்துச் சொன்னபோது மாமா தன் மோட்டார்சைக்கிளைத் திரும்பிப் பார்த்தார். “என் வண்டியோட அண்ணன் பறக்குறான்னு சொல்லு.” நான்கு விசிறி ட்ரோனிலும் இப்படிக் கோணத்தை மாற்றலாம். ஆனால் ஒவ்வொரு கையிலும் ஹெலிகாப்டரின் தலையை வைத்துக் கட்டவேண்டும். மலிவும் எளிமையும்தானே நான்கு விசிறியின் அழகு. அது போய்விட்டால் ஒரே ஹெலிகாப்டர் வாங்கிக்கொள்ளலாமே.

மாமாவுக்கு நியாயம் செய்ய வேண்டுமென்றால் பேட்டரி செய்த வேலையையும் சொல்ல வேண்டும். 2014இல் ஒருநாள், விழுந்து நசுங்கிய பேட்டரி ஒன்றைச் சமையலறை அலமாரியில் சார்ஜில் போட்டுவிட்டு முன்னறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன். நசுங்கியதைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும், கஞ்சத்தனம். அம்மா கத்திய சத்தத்தில் ஓடினேன். பேட்டரி பூரி மாதிரி உப்பிக் கிடந்தது, ஓரத்தில் வெள்ளைப் புகை. கிடுக்கியால் பிடித்து வாசலுக்கு ஓடி, செம்பருத்தித் தொட்டி மண்ணில் எறிந்தேன். அங்கே கிடந்து ஒரு நிமிடம் தீபாவளி மத்தாப்பு மாதிரி எரிந்தது. செம்பருத்தி செத்துப்போனது. மாமா வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “பெட்ரோல் நெருப்புக் குச்சியக் கேட்டுட்டுத்தான் எரியும். இது சொல்லாமக் கொள்ளாம எரியுது.” அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் என் பேட்டரிகள் மண்சட்டிக்குள், வீட்டுக்கு வெளியே, செல்லுக்கு 3.8 வோல்ட்டில்தான் உறங்குகின்றன. சார்ஜ் ஏறும்போது நான் எழுந்து போவதில்லை.

2018இல் மாமாவின் மகன் டுரியான் துங்கலில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தான். அஜித் ரசிகன். சென்னைக் குரோம்பேட்டையில் அப்துல் கலாம் படித்த அதே எம்.ஐ.டி. வளாகத்தின் ‘தக்‌ஷா’ ட்ரோன் குழுவுக்கு நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருக்கிறார், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில் அந்தக் குழு இரண்டாம் இடம் வாங்கியது என்று அவன் வீட்டைத் தலைகீழாக்கினான். அதே குழுவின் ட்ரோன் ஒன்று பெட்ரோல் இஞ்சினோடு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகாயத்தில் நின்றது என்ற செய்தியையும் கொண்டுவந்தான். மாமா எனக்குப் போன் செய்தார். குரலில் ஐந்து வருடத்து வட்டி.

“ஆறு மணி நேரம் மாப்ள. எண்ணெயில.”

நான் படங்களைத் தேடிப் பார்த்தேன். இஞ்சின் நடுவில் ஒன்று. அது எந்த விசிறியையும் சுற்றவில்லை, ஒரு ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. கைகளின் முனையில் இருப்பவை மின்மோட்டார்கள். நொடிக்கு நூறு தடவை கூட்டிக் குறைக்கும் வேலை மின்சாரத்துக்கு. மணிக்கணக்கில் ஆற்றலைத் தாங்கும் வேலை பெட்ரோலுக்கு. இடையில் ஒரு சின்னப் பேட்டரி, இஞ்சின் பெருமூச்சு விடும் நேரத்தை ஈடுகட்ட. சொன்னேன். மாமா நீண்ட நேரம் பேசவில்லை. “லோரிக்காரன லோரி ஓட்ட விட்டுட்டாங்க” என்றார்.

இப்படி ஜெனரேட்டர் வைத்த ட்ரோனைப் பொழுதுபோக்குக்காரர்கள் வீட்டில் செய்யலாமா என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. செய்யலாம். இஞ்சின், ஜெனரேட்டர், மின்னழுத்தச் சீராக்கி எல்லாம் சேர்ந்து பல கிலோ வரும். அதைத் தூக்க ஒரு மீட்டருக்கு மேற்பட்ட சட்டம் வேண்டும். விழுந்தால் ஆளைக் கொல்லும். நம் நாட்டில் அனுமதியில்லாமல் 400 அடிக்கு மேல் பறக்கக் கூடாது. அந்த 400 அடிக்குள், ஞாயிறு காலையில், கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஆறு மணி நேரம் நிற்கும் ட்ரோனை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? என் தீர்ப்பு எப்போதோ முடிந்துவிட்டது: இன்னும் இரண்டு பேட்டரி வாங்குங்கள்.

கடைசியாக ஒரு காட்சி. சில வருடங்களுக்கு முன் செம்பனையில் கூடுப்புழு, மலாய்க்காரர்கள் ஊலாட் புங்குஸ் என்று சொல்வது, ஓலையைத் தின்று மரங்களை எலும்புக்கூடாக்கியபோது, குத்தகைக்காரர் ஒருவர் டிஜேஐ அக்ராஸ் டி-30 ட்ரோனோடு எங்கள் பக்கம் வந்தார். 30 லிட்டர் மருந்து தூக்கும் பூதம். மாமாவை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பேட்டரி ஒன்றே பத்துக் கிலோ, 29,000 மில்லி ஆம்பியர் மணி. முழுச் சுமையோடு எவ்வளவு நேரம் தாங்கும் என்று மாமா கேட்டார். எட்டு நிமிடம்கூட முழுசாக இல்லை என்றார் குத்தகைக்காரர். மாமா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வராது.

ஆனால் ட்ரோன் இறங்கிய இடத்துக்குப் பக்கத்தில், ஹைலக்ஸ் வண்டியின் பின்னால், ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. ட்ரோன் இறங்கியதும் சூடான பேட்டரி அதன் சார்ஜருக்குப் போகும், ஏறிய பேட்டரி ட்ரோனுக்கு வரும். பத்து நிமிடத்தில் ஒன்று ஏறிவிடும். காலையிலிருந்து மாலைவரை பறந்தது பெட்ரோல்தான், தரையில் நின்றபடி. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜெனரேட்டர் இரண்டு தடவை விக்கியது. மாமா காதைச் சாய்த்தார். குத்தகைக்காரரிடம் அனுமதி கேட்டு, பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“காத்து வடிகட்டி அடைச்சிருக்கு. கரியாப் போயிருக்கு பாருங்க” என்றார். அந்தக் குத்தகைக்காரரின் மூன்று ஜெனரேட்டர்களும் இப்போது மாமாவின் பட்டறைக்குத்தான் வருகின்றன.

அந்த இரண்டு 46 இஞ்சின்களும் பட்டறை அலமாரியில், பிஸ்கட் டின்னில், எண்ணெயில் ஊறிக் கிடக்கின்றன. இரண்டும் ஓடும். மாதிரி விமானம் விடுபவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் புலாவ் செபாங் பக்கம் வந்து கேளுங்கள். ஜோடி 300 வெள்ளி என்பார், 200க்குக் கொடுத்துவிடுவார். ட்ரோனில் பூட்டப் போவதாக மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். தே தாரேக் சொல்லி உட்கார வைத்துவிடுவார். பில் புத்தகம் வெளியே வரும்.